மூன்றாவது கிளாஸுக்கு முன் எழுந்திருக்கக் கூடாது

அத்தியாயம் ஒன்பது

என் டீயில் ஒரு குண்டுத் தேனீ விழுந்தது.

மேலே கூரைத் தகட்டில் டொப்பென்று முட்டி, சுழன்று, நேராக என் கிளாஸுக்குள். பாயில் மூன்று கிளாஸ் இருந்தும் என்னுடையதுதான் அதற்குக் கிடைத்தது.

"சர்க்கரை வாசனைக்கு வருது தம்பி," என்று சிரித்தபடி ஹாஜ் பல்கஸெம் இரண்டு விரலால் அதை எடுத்து ஓரமாகப் போட்டார். "கீழ கொட்டிடு, வேற ஊத்துறேன். இப்பதான் ரெண்டாவது கிளாஸ். மூணாவது குடிக்காம எங்க இடத்துல யாரும் எழுந்திருக்கக் கூடாது."

எழுந்திருக்கத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன். அது வீடல்ல, தக்காளி வளர்க்கும் பசுமைக்குடில். வெளியே ஷெர்கி அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்திலிருந்து வரும் அந்தக் காற்றில் நிற்பதும் ரொட்டி அடுப்புக்குள் தலையை விடுவதும் ஒன்றுதான். அந்த நாளில், அந்த வெயிலில், தகடு போட்ட கூண்டுக்குள் பாய் விரித்துக் கொதிக்கக் கொதிக்கப் புதினா டீ! விருந்தோம்பல் என்ற பெயரில் எங்கள் ஸூஸ் வட்டாரத்தில் நடக்கும் கொடுமைகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

என் பெயர் மிலூத். பழைய மெர்ஸிடிஸ் டாக்ஸி ஒன்றும் வாய் ஒன்றும் எனக்குச் சொந்தம். இரண்டையும் வாடகைக்கு எடுத்திருப்பவர் லல்லா ரக்கூஷ் என்ற அம்மாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் அடுத்தவன் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, வேலையை விட்டுவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பொய் அதேதான், மேலதிகாரி மட்டும் இல்லை.

நேற்றுக் காலை இஜ்ஜா என்ற பெண் ஒரு பாட்டில் ஆர்கான் கொட்டை எண்ணெயோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் கணவன் இத்தர் இந்தக் குடிலின் மேஸ்திரி. தக்காளிப் பூவைக் குலுக்கிக் காய்க்க வைப்பதற்காகக் கூட்டுறவுச் சங்கம் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்த குண்டுத் தேனீக்களை விஷம் தெளித்துக் கொன்றுவிட்டான் என்று அவனை ஜாந்தார்ம் போலீஸார் பிடித்துப் போயிருந்தார்கள். இன்று மாலை அகாதிரில் அரசு வக்கீல் முன்னால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டால் நேரே சிறைதான்.

"செத்த ஈயைக்கூட ஏந்திக்கிட்டுப் போயி வெளிய போடுறவருங்க அவரு," என்றாள் இஜ்ஜா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்தக் குடில் ஒரு சோதனைக் குடில். சங்கத்து ஆட்கள் மாதக்கணக்கில் கத்திச் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த கூரை இது. தேனீக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் வேண்டும். யூவி என்பார்களே, அதுதான். அது இல்லாவிட்டால் தேனீயைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. பூவும் தெரியாது, திரும்பிப் போகப் பெட்டியும் தெரியாது. அதனால் யூவியை உள்ளே விடும் கூரைதான் போட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. எது என்பதில்தான் அடிதடி. கண்ணாடி போடு என்றது ஒரு கட்சி. ஒரு ஷெர்கிக்குத் தாங்காது, அதன் கனத்தைத் தாங்க இரும்புச் சட்டம் போட்டு மாளாது என்றது இன்னொரு கட்சி. பாலிகார்பனேட் தகடு சுத்தியலால் அடித்தாலும் உடையாது, ஆனால் யூவியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். கடைசியில் யூவி விடும் தனி ரக அக்ரிலிக் தகடு என்று முடிவாயிற்று. இன்ஜினியர் நூஃபெல் மீட்டரோடு வந்து அளந்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாரக் கடைசியில் சங்கத்தார் எல்லோர் நிலத்திலும் இதே தகட்டை ஏற்ற ஒப்பந்தம். அதற்குள்தான் தேனீக்கள் செத்தன, இத்தர் மாட்டினான்.

சங்கத்தின் தலைவர்தான் எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த ஹாஜ் பல்கஸெம். வெள்ளைத் தாடி, வெண்ணெய் மாதிரிப் பேச்சு.

"இத்தரை மகன் மாதிரி வச்சிருந்தேன் தங்கச்சி," என்றார் லல்லாவிடம். "கூலி தகராறு ஒண்ணு. மனசுல வச்சிருந்திருக்கான். பாவம், சைத்தான் பிடிச்சுக்கிச்சு."

"பெட்டி எங்க இருக்கு ஹாஜ்?"

"அந்தக் கோடியில. நேத்துதான் புதுசு ஒண்ணு வச்சோம்."

"செத்த தேனீ எங்க கிடந்துச்சு?"

"அங்கங்க..." என்று கையை வீசினார்.

"நான் ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"எங்க ஓடிப் போகுது? மொதல்ல ரொட்டியை அம்லூல தொட்டு ஒரு வாய் சாப்பிடு. என் மருமக கையால பாதாம் அரைச்சு செஞ்சது."

லல்லா சாப்பிட்டார். என்ன செய்வது! டீக்கு நடுவில் எழுந்துபோனால் விருந்து வைத்தவர் முகத்தில் துப்பியதற்குச் சமம். கதவுக்குப் பக்கத்தில், செடி வரிசைகள் தொடங்கும் இடத்தில் அந்தப் பாய். அதைத் தாண்டி ஓர் அடி எங்களால் எடுத்து வைக்க முடியவில்லை. உடம்பு முழுக்க மூடிய வெள்ளை அங்கி வேறு. வெளிக்கிருமி உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்து, அங்கி மாட்டி, போன்களைப் பிடுங்கி வெளியே ஒரு பெட்டியில் வைத்திருந்தார் ஹாஜ். தக்காளிக் குடிலில் எல்லா இடத்திலும் அதுதான் முறை.

ஹாஜ் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். இன்ஜினியர் நூஃபெல் இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருக்கான். நீங்க வந்திருக்கிறது அவனுக்குப் பிடிக்கல. ஜாக்கிரதையா இருங்க." டீப்பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். "அடடா, மூணாவதுக்குப் புதினா பத்தாது. உக்காருங்க, பறிச்சுட்டு வந்துடுறேன்."

போனார். கதவு சாத்தியது. வெளியே சங்கிலி கரகரவென்று இழுபட்டது.

"காத்துக்காகக் கட்டிட்டுப் போறாரு," என்றேன்.

அடுத்து மேலே கிரீச் சத்தம். கூரையில் காற்றுக்காகத் திறந்திருந்த பலகைகள் வரிசையாக மூடிக்கொண்டே வந்தன. அவற்றை மூடும் சக்கரம் குடிலுக்கு வெளியே இருந்தது. பிறகு ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"இதுவும் காத்துக்காகவா?" என்றார் லல்லா.

நான் எழுந்து ஓடிக் கதவை இழுத்தேன். அசையவில்லை. "நூஃபெல்! அந்த மீட்டர் பய நம்மளைப் பூட்டிட்டான் லல்லா! ஹாஜ்! ஹாஜ்! காப்பாத்துங்க! உள்ள மாட்டிக்கிட்டோம்!"

தொண்டை கிழியக் கத்தினேன். ஷெர்கி என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. லல்லா என்னைத் தடுக்கவும் இல்லை, சேர்ந்து கத்தவும் இல்லை. பாயில் உட்கார்ந்தபடியே ரொட்டியின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. அதான் சாப்பிடுறேன். நீ போயி அந்தக் கோடியில வேற வழி இருக்கான்னு பாரு."

வரிசைக்குள் ஓடினேன். தலைக்கு மேல் தக்காளிக் கொடி, இரண்டு பக்கமும் இலைச் சுவர், மூச்சு விட்டால் நெருப்பு. குழாயைத் திருகினேன், தண்ணீரும் நிறுத்தியிருந்தது. அந்தக் கோடியில் கதவு இல்லை. கருவி வைக்கும் இரும்பு முக்காலி ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிச் சுவர்த் தகட்டில் ஓங்கி அடித்தேன். தகடு தொம்மென்று ஒரு குலுங்கு குலுங்கி முக்காலியைத் திருப்பி என் முழங்காலுக்கே அனுப்பியது. மறுபடி அடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. என் வாழ்க்கையில் என்னை இப்படி அவமானப்படுத்திய பொருள் வேறு கிடையாது.

நொண்டிக்கொண்டு திரும்பி வந்தேன். "செத்தோம் லல்லா. இன்னும் கொஞ்ச நேரத்துல நாமளும் இந்தத் தக்காளியும் ஒண்ணா வெந்து சாஸாயிடுவோம். எனக்குக் கண்ணு வேற இருட்டுது."

"கண்ணு இருட்டல, உன் கண்ணாடி கறுத்திருக்கு."

"அந்தக் கண்றாவியைப் பத்திப் பேசாதீங்க. இனெஸ்கான் சந்தையில ஒருத்தன், வெயில்ல தானா கறுக்கும், நிழல்ல தானா வெளுக்கும்னு என் தலையில கட்டிட்டான். வண்டி ஓட்டத்தான் வாங்கினேன். வண்டியில ஒரு நாள் கறுத்ததில்ல! முகத்துல நேரா வெயில் அடிக்குது, இது பச்சைப் பிள்ளை மாதிரி வெள்ளையா சிரிக்குது. வெளிய இறங்கினாத்தான் கறுக்கும். இப்பக்கூட பாருங்க, அந்தக் கோடியில வெள்ளையா இருந்துச்சு, இங்க வந்ததும்..."

லல்லா மெல்வதை நிறுத்தினார்.

"மறுபடி சொல்லு."

"எதை? இனெஸ்கான்காரனையா?"

"அந்தக் கோடியில வெள்ளையா இருந்துச்சா?"

"ஆமா. அங்கயும் இதே வெயில்தான்."

"கழட்டு."

"எதை லல்லா?"

"கண்ணாடியைடா! வேற எதைக் கழட்டச் சொல்லப் போறேன் உன்கிட்ட!"

பிடுங்கிக்கொண்டு எழுந்தார். மூன்றாவது வரிசை வரை போய்க் கையில் உயர்த்திப் பிடித்தார். கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து கண்ணாடி தெளிந்தது. பாய்க்குத் திரும்பி வந்து பிடித்தார். சூட்டில் கொஞ்சம் மந்தமாக, ஆனால் கண்முன்னே, மறுபடி புகை ஏறினாற்போல் கறுத்தது.

"மிலூத், உன் கண்ணாடிக்காரன் யோக்கியன். வெளிச்சம் பட்டா இது கறுக்காது, யூவி பட்டாத்தான் கறுக்கும். வண்டியோட முன் கண்ணாடி யூவியை உள்ள விடாது. அதான் வண்டியில உனக்கு வேலை செய்யல."

"அப்ப நான் அவனோட ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினது?"

"மன்னிப்புக் கேக்கணும்னா உயிரோட வெளிய போகணும். மேல பாரு."

பார்த்தேன். குடில் முழுக்க ஒரே மாதிரித் தகடுதான், கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் தேனீக்கள் மொத்தமும் இரண்டே தகட்டில் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று பாய்க்கு நேர் மேலே, இன்னொன்று பாய்க்குப் பின்னால் பக்கச் சுவரில். முட்டும், விழும், ஏறும், மறுபடி முட்டும். லல்லா பாயின் ஓரத்தைத் தூக்கினார். கீழே, பாய்க்கும் சுவருக்கும் நடுவில், பெருக்கித் தள்ளிய மாதிரிச் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன. சில கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"சர்க்கரை வாசனையாம்!" என்றார் லல்லா. "இந்தக் குடில்ல சூரியன் அதுங்களுக்குத் தெரியற இடம் இது ரெண்டுதான். வெளிய போற வழின்னு நெனச்சு முட்டி முட்டியே சாகுது. விஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்த ரெண்டு தகடுதான் சங்கம் தேர்ந்தெடுத்த அக்ரிலிக். மிச்சம் அத்தனையும் யூவியை நிறுத்துற பாலிகார்பனேட். உன் முழங்காலைக் கேளு, சொல்லும்."

முழங்கால் ஆமாம் என்றது. "நேத்து அயத் மெலூல் ஊர்ல ஒரு கிடங்கு நிறைய விக்காத பாலிகார்பனேட் பாத்தோமே. தேனீ வழி தெரியாம சாகுதுன்னு ஊருக்கே தெரிஞ்சதும் யாரும் வாங்கலைன்னு..."

"கிடங்கு யாரோடது?"

"ஹாஜோட மருமகனோடது. ஆனா ஹாஜுக்குத் தெரியாம அவனும் நூஃபெலும் கூட்டா இருக்கும். அந்த நூஃபெல்தானே மீட்டர் வச்சு அளந்து நல்லா இருக்குன்னு சொன்னான்!"

"எங்க வச்சு அளந்திருப்பான்?"

"குடிலுக்குள்ளதான்."

"குடிலுக்குள்ள எங்க? நீ வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? பூட்டுற வரைக்கும் இந்தப் பாயைத் தாண்டினியா?"

குனிந்து பாயைப் பார்த்தேன்.

"அந்தப் பட்டணத்துப் பையனும் வந்திருப்பான். உக்கார வச்சிருப்பாங்க. மொத கிளாஸ், ரெண்டாவது கிளாஸ், மூணாவது கிளாஸ். 'எதுக்கு தம்பி சேத்துல நடக்குற, இங்கயே அளந்துக்கோ'ன்னு சொல்லியிருப்பாங்க. அவனும் மரியாதைக்கு உக்காந்த இடத்துலயே மீட்டரைப் பிடிச்சிருப்பான். விக்காத தகட்டை அக்ரிலிக்னு சொல்லிச் சங்கத்துக்கு வித்தவனுக்குப் பாய் எங்க விரிப்பாங்கன்னு எப்படித் தெரியும்? விருந்தாளி எங்க உக்காரணும்னு விருந்தாளியா முடிவு பண்றான்?"

"இல்ல," என்றேன். "விருந்து வைக்கிறவர்."

நான் தொண்டை கிழியக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. ஆட்டுக்குட்டி கசாப்புக் கடைக்காரனைக் கூப்பிட்ட கதை.

"ஆனா எதுக்கு லல்லா நம்மளைப் பூட்டணும்? டீயைக் குடுத்து அனுப்பியிருந்தா நாம போயிருப்போமே."

"இத்தர் லாக்கப்புல இருக்கான். நேத்து வச்ச புதுப் பெட்டியும் சாகுது. விஷம் வச்சவன் உள்ள இருக்கறப்ப இது எப்படிச் சாகும்? அதனால அவருக்கு இன்னிக்கு ஒரு புது விஷக்காரன் தேவை. இத்தரோட பொண்டாட்டி அனுப்பின ஆளுங்க, குடிலுக்குள்ள கையும் களவுமா."

"யாரு?"

"கண்ணாடியை மாட்டிக்கிட்டு என்னைப் பாரு. அப்புறம் நான் உன்னைப் பாக்குறேன்."

வேர்வை கண்ணில் வழிந்தது. அங்கியைக் கிழித்து எறிந்தேன். லல்லாவின் உதடு வெளுத்துவிட்டது. பாயில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல். அப்போது வந்ததுதான் பயம். இந்த அம்மாள் மயங்கி விழுந்தால் மிச்சம் இருப்பது என் மூளை மட்டும், அதை நம்பி நானே இறங்க மாட்டேன்.

"தேனீக்கு வழி தெரிஞ்சிருக்கு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "அதுங்களுக்கு அக்ரிலிக்கை உடைக்கத்தான் பலம் இல்ல. உனக்கு இருக்கா?"

"அக்ரிலிக் உடையுமா?"

"பாலிகார்பனேட் மாதிரி அடம் பிடிக்காது."

டீ கொதிக்க வைத்த சின்ன காஸ் சிலிண்டர் பாயின் மூலையில் இருந்தது. அடைப்பை இறுக்கித் திருகிக் குழாயைப் பிடுங்கினேன். இரண்டு கையாலும் தூக்கி, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, சுவர்த் தகட்டின் நடுவில் விட்டேன் ஒரு குத்து. விரிசல் ஓடியது. இன்னொரு குத்து. தகடு சடசடவென்று துண்டு துண்டாக வெளிப்பக்கம் சரிந்தது.

எங்களுக்கு முன்னால் தேனீக்கள் போயின. அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரு கறுப்புப் புகையாக. பின்னாலேயே லல்லாவைத் தூக்கி வெளியே விட்டு நானும் விழுந்தேன். ஷெர்கி முகத்தில் அறைந்தது. அடுப்பென்று நான் திட்டிய அதே காற்று, ஐஸ் மாதிரி இருந்தது!

நிமிர்ந்து பார்த்தால் எதிரே பூட்ஸ் கால்கள்.

ஜாந்தார்ம் அதிகாரி ஜெர்மூனி நின்றார். பக்கத்தில் புதினாக் கட்டோடு ஹாஜ். அவர்களுக்குப் பின்னால் கையில் விலங்கோடு, ஒல்லியாக, தலை குனிந்தபடி ஒருவன். இத்தர்.

"பாத்தீங்களா ஐயா?" என்றார் ஹாஜ். "நான் சொல்லல? இவன் பொண்டாட்டி அனுப்பின திருடங்க. உள்ள புகுந்து மிச்சத் தேனீக்கும் மருந்து வச்சுட்டாங்க. பூட்டி வச்சுட்டு உங்களைக் கூப்பிட வந்தா, குடிலையே உடைச்சுட்டாங்க!"

"நகராதீங்க ரெண்டு பேரும்," என்றார் ஜெர்மூனி. "இத்தர் மத்தியானம் குத்தத்தை ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு. எப்படிச் செஞ்சான்னு நடிச்சுக் காட்டக் கூட்டிட்டு வந்தா, இங்க கூட்டாளிங்களே கிடைக்கிறாங்க."

ஒப்புக்கொண்டுவிட்டானா! கூண்டிலிருந்து வெளியே வந்து இன்னொரு கூண்டுக்குள் விழுந்திருக்கிறோம்.

லல்லா தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஐயா, ஒரு வாய் தண்ணி. அப்புறம் விலங்கு மாட்டுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஓட்டை வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க. பாயில என்ன இருக்கு?"

ஜெர்மூனி எட்டிப் பார்த்தார். "டீ. மூணு கிளாஸ். ரொட்டி."

"வீடு புகுந்த திருடங்களுக்கு டீ ஊத்தி, அம்லூ வச்சு, சங்கத்து அங்கி மாட்டி விடுற வழக்கம் எப்பலேருந்து ஹாஜ்?"

ஹாஜின் கையில் புதினா வாடிக்கொண்டிருந்தது.

"வந்தது வந்தாச்சு, இத்தர் நடிச்சுக் காட்டட்டும்," என்றார் லல்லா.

கதவைத் திறந்தார்கள். இத்தர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே அந்தக் கோடிக்குப் போனான். பெட்டியின் முன்னால் நின்று, விலங்கிட்ட கையைத் தூக்கி, மருந்துக் குழாய் பிடித்தாற்போல் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக வீசினான். ஒழுங்காகச் செய்தான். ஒரு வேலையைச் சரியாகச் செய்து பழகிய கை அது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

"இங்கதான் அடிச்சியா?" என்றார் லல்லா. "ஐயா, பெட்டி இங்க இருக்கு. மருந்து இங்க அடிச்சிருக்கான். இங்க ஒரு செத்த தேனீ காட்டுங்க பாப்போம்."

ஜெர்மூனி குனிந்தார். பெட்டியைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. லல்லா அவரை நடத்திக்கொண்டு பாய்க்கு வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். வரிசைக்கு நடுவில் ஒரு தடவை, பாய்க்கு மேல் இருந்த தகட்டுக்குக் கீழே ஒரு தடவை. ஜெர்மூனி தானே இரண்டாம் முறையும் செய்து பார்த்தார். மூன்றாம் முறையும்.

"இதுங்க எல்லாம் இன்னிக்குச் செத்தது. இத்தர் உங்க லாக்கப்புல. தேனீயைக் கொன்னது இந்தக் கூரை. விஷம் தேடுறீங்களே, நல்ல தகடு ரெண்டே ரெண்டு, அதுவும் பாய் விரிக்கிற இடத்துல மட்டும். இந்தக் குடில்ல பாய் விரிச்சு ஆளை உக்கார வைக்கிறது யாருங்க?"

ஜெர்மூனி பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"அன்னிக்கு இத்தரைப் பிடிக்க வந்தப்ப," என்றார், "என்னையும் இங்கதான் உக்கார வச்சாரு."

ஹாஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெர்மூனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை மட்டும் உயர்த்தினார்.

"ஆனா இவன் கையெழுத்துப் போட்டிருக்கானே!"

"செத்தது விஷத்தால இல்ல. அப்ப குத்தமே இல்ல. நடக்காத குத்தத்தை ஒருத்தன் ஒப்புக்கிட்டான்னா, அவனை விட்டுட்டு அவனுக்கு ஏன் அந்தக் கதி வந்துச்சுன்னு கேளுங்க."

இத்தர் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஹாஜ் லாக்கப்புக்கு வந்தாருங்க. செத்த தேனீங்க இருந்த பெட்டியைக் குடிலுக்குத் தூக்கிட்டு வந்தது இஜ்ஜா. நான் ஒப்புக்கலைன்னா அவளைப் பிடிப்பாங்கன்னு சொன்னாரு."

ஜெர்மூனி சாவியை எடுத்தார். இத்தரின் கையிலிருந்து கழன்ற விலங்கு அங்கேயே, அதே சூட்டோடு, ஹாஜின் கையில் ஏறியது. புதினாக் கட்டு கீழே விழுந்தது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் வந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

ஒப்புதலை ரத்து செய்யும் வேலையைப் பார்க்க லல்லா ஜெர்மூனியின் வண்டியில் ஏறிக்கொண்டார். இத்தரை வீட்டில் விடுவது என் பொறுப்பு. முன் சீட்டில் உட்கார்ந்தான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தான். நான் என் வழக்கப்படி வாய் ஓயாமல் பேசினேன்: ஷெர்கி, முக்காலி, என் முழங்கால். அவன் சிரிக்கவே இல்லை.

ஊர் தெரிகிற வளைவில் கூப்பிட்டான். "அண்ணே."

"சொல்லு தம்பி."

"இங்க கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி, தப்பில்லாம வரணும்னு லாக்கப்புலயே திரும்பத் திரும்ப நடிக்க வச்சாங்க. இப்படி நில்லு, இப்படிக் கையை வீசுன்னு. கடைசித் தடவை வீசறப்ப..." நிறுத்தினான். "நான்தான் கொன்னுட்டேன் போலிருக்குன்னு எனக்கே தோணிடுச்சுண்ணே. இப்பவும் கொஞ்சம் தோணுது."

அவன் வீட்டு வாசலில் இஜ்ஜா நின்றுகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினேன். இத்தர் இறங்கவில்லை. நான் இறங்கிப் போய், அந்தப் பக்கம் கதவைத் திறந்துவிட்டு, அவன் தானாக இறங்கும் வரை பேசாமல் நின்றேன்.